துப்பாக்கிக் கீறல் எடுக்கும் 'செட்' வாங்காதீர்கள், என் 10 நாள் சம்பளம் போச்சு

நேற்று ராத்திரிதான் அதை விற்ற ஆள் என்னை பிளாக் செய்தான். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் ஏமாறக் கூடாது.

என்னுடையது உரிமம் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர். உறையில் போட்டு எடுத்து, குழலின் பக்கவாட்டில் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மேல்பூச்சு கிடையாது, உள்ளேயும் வெளியேயும் ஒரே உலோகம். அதனால் கீறலை வீட்டிலேயே தேய்த்து எடுக்கலாம். இது உண்மை. இந்த உண்மையைச் சொல்லித்தான் என்னைப் பிடித்தான்.

ஆன்லைனில் துப்பாக்கிப் பராமரிப்புச் சாமான் விற்கும் கடை அது. விலையைப் பார்த்துத் தயங்கினேன். அப்போது அவனே கேட்டான்: "அண்ணா, உங்களுடையது ஒரே திசையில் மெல்லிய கோடுகளாக இழை தெரிகிற ஃபினிஷா, கண்ணாடி பாலிஷா? போட்டோ அனுப்புங்கள், அதற்குத் தகுந்த செட் தருகிறேன்." தொழில் தெரிந்தவன்தான் இப்படிக் கேட்பான் என்று நம்பி, அந்த நிமிடமே 10 நாள் சம்பளத்தை அனுப்பினேன்.

வந்தது ஒரு டியூப், நாலு பச்சைத் துண்டு, கொஞ்சம் கம்பி நார், டிரில்லில் மாட்டும் ஒரு துணிச் சக்கரம். டியூபின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் கார் பெயின்ட்டுக்குப் போடும் பாலிஷின் லேபிள்! பச்சைத் துண்டு, பாத்திரம் தேய்க்கும் நாரைச் சதுரமாக வெட்டியது. இதெல்லாம் தேய்த்துக் கெடுத்த பிறகு பார்த்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அவன் வீடியோவில் செய்தபடியே சக்கரத்தை வைத்தேன். குழல் நெடுகச் சீராக ஓடிய இழைக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு. கீறலும் போகவில்லை. பக்கத்தில் பொறித்திருந்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிட்டது. ஒரு வாரத்தில் கம்பி நார் பட்ட இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. நாரிலிருந்த சாதா இரும்பின் துகள் குழலில் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்திருக்கிறது.

கேட்டதற்கு முதலில் "அழுத்தித் தேய்த்துவிட்டீர்கள்" என்றான். அடுத்த நாள் "போதுமான அளவு தேய்க்கவில்லை" என்றான். அப்புறம் "உங்களுடையது உண்மையான ஸ்டெயின்லெஸ்தானா?" என்று என்னையே கேட்டான். போட்டோ பார்த்துச் செட் தேர்ந்தெடுத்தது அவன்தானே! பணத்தைக் கேட்டதும், பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்றான். பிறகு பிளாக். 10 நாள் சம்பளம், போனது போனதுதான்.

சரியான முறையை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. இழை உள்ள ஃபினிஷில் சக்கரம் வைக்கவே வைக்காதீர்கள். இழை ஓடும் திசையிலேயே, கையால், நைசான உப்புத்தாளில் தொடங்குங்கள். சாதா கம்பி நார் வேண்டாம். ஸ்டீல் மாதிரி தெரிகிற சில துப்பாக்கிகளின் உடல்பகுதி (ஃபிரேம்) அலுமினியம், தேய்த்தால் மேல்படலம் போய்விடும், முதலில் விசாரியுங்கள். வரிசை எண் பக்கம் போகவே கூடாது, அது அழிந்தால் பல நாடுகளில் வழக்கே வரும். தொடங்குமுன் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். அந்த வீடியோவில் அதைக்கூட அவன் சொல்லவில்லை.