பிளேட்டோவா, டெமாக்ரிட்டஸா?

கண்ணால் காண்பது முழு உண்மை இல்லை என்பதில் பழங்கால கிரேக்கத் தத்துவஞானிகளான இந்த இருவருக்கும் சண்டையே இல்லை. சரி, அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் பிரிகிறார்கள்.

பிளேட்டோ 'குடியரசு' நூலில், குகைக்குள் கட்டுண்டு, சுவரில் விழும் நிழல்களையே உலகம் என்று நம்பும் மனிதர்களைக் காட்டுகிறார். வெளியே வரும் வழி நீளமானது: 20 வயதிலிருந்து 10 வருடம் கணிதம், 5 வருடம் தர்க்கம், 15 வருடம் பொதுப்பணி, 50 வயதில்தான் 'நன்மை'யின், அதாவது புலன்களுக்கு அப்பால் இருப்பதாக அவர் சொல்லும் உச்ச உண்மையின், தரிசனம். அதுவும் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும்!

அப்தெரா ஊர்க்காரரான டெமாக்ரிட்டஸ் உண்மையைத் தேடி வேறு உலகத்துக்குப் போகவில்லை. இனிப்பு, கசப்பு, நிறம் எல்லாம் நாம் வழக்கத்தில் சொல்வது, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும்தான், இதே கல்லுக்குள், இதே தேனுக்குள், கண்ணுக்கு எட்டாத அளவில் இருக்கின்றன என்றார். அதோடு நிற்காமல் தன் வாதத்தின் ஓட்டையையும் அவரே காட்டுகிறார். அவர் எழுத்தில் புலன்கள் அறிவைப் பார்த்து, எங்களிடமே சான்று வாங்கி எங்களையே கவிழ்க்கிறாயா, நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய் என்கின்றன. பிளேட்டோவிடம் இந்தத் தயக்கம் எனக்குத் தென்படவில்லை.

டெமாக்ரிட்டஸ் எழுதியவற்றில் துண்டுகளே மிஞ்சியுள்ளன, அதனால் படிக்கத் தொடங்க பிளேட்டோதான் வசதி. ஆனால் என் ஓட்டு டெமாக்ரிட்டஸுக்கே.