காலிப்பர் பெயின்ட்: ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா?

வீட்டிலேயே பிரேக் காலிப்பருக்கு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை பேடால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நிறம் பூச இரண்டு வழி உண்டு: ஸ்ப்ரே கேன், அல்லது ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து பிரஷ்ஷால் பூசும் எபாக்ஸி பெயின்ட். எதை வாங்கினாலும் வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். கேட்டுக்கு அடிக்கும் எனாமல் பிரேக் சூட்டில் நிறம் மாறி உரிந்துவிடும்.

ஸ்ப்ரே மெல்லிசாக, பிரஷ் தடம் இல்லாமல் வரும். விஎச்டி (VHT) பிராண்ட் காலிப்பர் ஸ்ப்ரே சுமார் 480 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் கழற்றாமல் அடித்தால் டிஸ்க், பேட், பிஸ்டன் ரப்பர், பிரேக் ஆயில் ஹோஸ், பிளீடர் நிப்பிள் (பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றும் திருகு) என எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அதற்கே பாதி நாள் போய்விடும். கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது பிரஷ்தான். வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, வயர் பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் பிசுக்கு நீக்கி, காய்ந்ததும் பூசலாம். பெயின்ட் கெட்டியானது என்பதால் வார்ப்பிரும்பின் சொரசொரப்பும் ஓரளவு மறையும். கலந்த பெயின்ட் டப்பாவிலேயே இறுகத் தொடங்கிவிடும். அதனால் எல்லாக் காலிப்பரையும் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் கலக்குங்கள். பேட் நகரும் இடத்திலும் ஸ்லைடு பின்னிலும் (காலிப்பர் நகர உதவும் கம்பி) ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.