அஸ்தம்பட்டியில் ஒரு மூக்கு ஸ்வாப் பரிசோதனை: வேலை நேர்த்தி, அறிக்கை போதாது

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த என் தாயாருக்கு மூக்கில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுத்துக் கல்ச்சர் (அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்க்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்ததால், ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். அறுவைப் புண்ணைத் தாக்கும் கிருமி பல நேரங்களில் நோயாளியின் மூக்கிலிருந்தே வருவதால்தான் இந்தப் பரிசோதனை.

மாதிரி எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணியாளர் ஒரே பஞ்சுக்குச்சியை இரு நாசிகளிலும் நிதானமாகச் சுழற்றி எடுத்து, குழாயின் மேல் பெயரையும் நேரத்தையும் எங்கள் கண்ணெதிரிலேயே எழுதினார். 48 மணி நேரத்தில் முடிவும் வந்துவிட்டது.

ஆனால் கைப்பேசிக்கு வந்த அறிக்கையில் 'ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்துள்ளது' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. சளி, காய்ச்சல் எதுவுமில்லாத அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. பேத்தியைத் தூக்கவும் மறுத்துவிட்டார். நலமாக இருக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேரின் மூக்கில் இந்தப் பாக்டீரியா தொல்லை தராமல் குடியிருக்கிறது என்பதை அறிக்கையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் நேரில் சென்றபோது அங்குள்ள நுண்ணுயிரியல் மருத்துவர் அரை மணி நேரம் ஒதுக்கி விளக்கினார். நான் நான்கு நட்சத்திரம் கொடுப்பதற்கு அவரே காரணம். பெயர் ஒன்றானாலும் ஆளுக்கு ஆள் இந்தப் பாக்டீரியாவின் மரபணுக்கள் வேறுபடுகின்றன என்றும், அவற்றுள் மெக்-ஏ என்ற மரபணுவைப் பெற்ற வகை, பெனிசிலின் குடும்ப மருந்துகள் எளிதில் பற்ற முடியாத ஒரு புரதத்தை உண்டாக்கிக்கொண்டு தப்பிவிடுகிறது என்றும் சொன்னார். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணுத் துண்டில் அது அமர்ந்திருக்கிறதாம். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மெதிசிலினுக்கு அடங்காத இவ்வகை இங்கிலாந்தில் 1961-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது.

பிறகு, அம்மாவின் மாதிரியிலிருந்து பாக்டீரியாவை வளர்த்த மூடிய தட்டை விளக்கொளியில் பிடித்து, அடங்காத வகையா என்று கண்டறிய வைக்கும் செஃபாக்சிட்டின் என்ற மருந்து வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராமல் தெளிந்திருந்த வட்டத்தைக் காட்டினார். அதன் விட்டம் 26 மில்லிமீட்டர். 21 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான் அடங்காத வகை. எங்களுக்கு நிம்மதி தந்த இந்த விவரம், அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் 'எஸ்' (மருந்துக்கு அடங்கும்) என்ற ஒற்றை எழுத்தாக ஒடுங்கிக் கிடந்தது.

செல்பவர்கள் அறிக்கையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று வரவேற்பில் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. முதல் பக்கத்திலேயே தமிழில் விளக்கம் தர வேண்டும் என்று கூடத்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.