நான்கு துண்டுப் பயண ராடு: குறையெல்லாம் ஜாயிண்டில்தான்

வெளிநாட்டில் சில மாதம் தங்கப் போகும் கணவன் மனைவி இருவரும் தூண்டில் போட எந்த ராடு எடுத்துப் போகலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்களிடம் இருப்பது ஒரே மாடலில் இரண்டு ஸ்பின்னிங் ராடு: 7 அடி, 4 துண்டு, 10 முதல் 30 கிராம் வரை லூர் (செயற்கை இரை) எறியலாம். அதில் ஒன்றில், துண்டுகள் சேரும் ஜாயிண்டின் வாய் நீளவாக்கில் விரிசல் விட்டு, நூல் சுற்றி எபாக்ஸி பூசிக் காய வைத்திருக்கிறோம். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் நல்லதை மறைக்க மாட்டேன்.

நல்லது நிறையவே இருக்கிறது. நான்கு துண்டு ராடு என்றால் வளைவு முட்டி முட்டி நிற்கும் என்று ஒரு பழைய எண்ணம் உண்டு. இப்போதைய கார்பன் ராடுகளில் அது இல்லை. பாரம் ஏறும்போது நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக வளைகிறது. 20 பவுண்டு பிரெய்டில் (பின்னல் நூல்) 15 கிராம் ஜிக் (எடை வைத்த லூர்) தரையைத் தொடுவது கைப்பிடியில் தெளிவாகத் தெரிகிறது. நூல் ஓடும் கைடு வளையங்களில் ஒன்றுகூட இதுவரை உடையவில்லை. பஞ்சுக் குச்சியை வளையத்துக்குள் சுழற்றிப் பார்த்தால் எங்கும் நார் சிக்கவில்லை. சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, பிரெய்டு அறுந்துபோகும் என்று பொருள். மடித்தால் நீளம் சுமார் 57 செ.மீ. பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே இரண்டும் படுத்துவிடும். பல விமான நிறுவனங்களின் கைப்பை அளவு 55 செ.மீ. என்பதால் கையோடு கொண்டுபோகலாம் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். கொக்கிகளும் எப்படியும் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

இனி ஜாயிண்ட். மேல் துண்டின் அடிவாய் கீழ்த் துண்டின் தலைமேல் தொப்பி போல மாட்டும் வகை இது. இதைப் பிடித்து வைத்திருப்பது திருகோ பூட்டோ இல்லை, உராய்வு மட்டும்தான். ஒவ்வொரு எறிதலிலும் ராடு வளைவதோடு கொஞ்சம் முறுக்கவும் செய்கிறது. பக்கவாட்டில் எறிந்தால் முறுக்கு இன்னும் அதிகம். இரண்டு துண்டு ராடில் அந்த முறுக்கைத் தாங்க ஒரு ஜாயிண்ட், இதில் மூன்று. மூன்றில் எது தளர்ந்தாலும் தொல்லைதான். 12 கிராம் லூரில் வெகுநேரம் தாங்குவது, 28 கிராமில் சீக்கிரம் நகர்ந்துவிடுகிறது. ஜிக் அடித்து அடித்து இழுத்தால் இன்னும் சீக்கிரம்.

தளர்வதை முதலில் காட்டுவது கைடுகள்தான். வரிசை சற்றே கோணும். அடுத்து, ராடை லேசாக ஆட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தபின் ஒரு எறிதல்கூடக் கூடாது. அந்த நிலையில் முழுப் பாரமும் வாயின் விளிம்பில் சில மில்லிமீட்டர் மேல் மட்டும் விழும். அங்கே சுவர் மெல்லியது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். விரிசல் விடாவிட்டால் நுனித் துண்டு கழன்று பறக்கும். நரம்பு கைடுகளுக்குள் ஓடுவதால் அது வழுக்கிக்கொண்டு போய் லூரில் முட்டி நிற்கும், சுருட்டி எடுத்துவிடலாம். அதே நேரத்தில் லீடர் (லூருக்கு முன் கட்டும் நரம்பு) பாறையில் அறுந்தால் நுனித் துண்டு கடலுக்குத்தான். அந்த நாட்டில் அதே மாடலுக்கு மாற்று நுனி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இதற்கு மருந்து ஒரு துண்டு வெள்ளை மெழுகு. வாசனையும் நிறமும் சேர்க்காத பாரஃபின் மெழுகு. ஆண் பாகத்தை, அதாவது உள்ளே போகும் கீழ்த் துண்டின் தலையை, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, நீளவாக்கில் நான்கு கோடு போடுங்கள். கட்டை விரலால் தேய்த்துச் சூடாக்கிப் பரப்பி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்துவிடுங்கள். அதிகமானால் மணல் ஒட்டும். தேன்மெழுகு பிசுக்கென்று இருப்பதால் இன்னும் மோசம். எண்ணெய், கிரீஸ், ஸ்பிரே எதுவும் கிட்டே வரக்கூடாது, உராய்வே போய்விடும். இவ்வளவு எளிய காரியத்தைப் பற்றி ராடோடு வந்த தாளில் ஒரு வரி கிடையாது. அழகான துணிப்பை தருகிறவர்களுக்கு விரல்நுனி அளவு மெழுகு வைக்கத் தோன்றவில்லை. என் எரிச்சல் முழுக்க இதில்தான்.

மாட்டும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. நுனியிலிருந்து அடியை நோக்கி மாட்ட வேண்டும். கழற்றும்போது அடியிலிருந்து நுனியை நோக்கி. மாட்டும்போது கைடுகளைக் கால் சுற்று விலக்கி வைத்து, உள்ளே தள்ளிக்கொண்டே திருகி நேராக்குங்கள். கைடைப் பிடித்துத் திருகினால் அதன் கால் வளைந்துவிடும், ராடின் உடலைத்தான் பிடிக்க வேண்டும். பிறகு இருபது எறிதலுக்கு ஒருமுறை மூன்று ஜாயிண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மீன் கடிக்கும் நேரத்தில் இது நினைவுக்கு வராது. பக்கத்தில் நிற்பவர் நினைவூட்டலாம். இருவராகப் போவதில் இது ஒரு வசதி.

தளர்வுக்கு நேர் எதிரான தொல்லையும் இதே ஜாயிண்டில் இருக்கிறது: இறுகிக்கொள்வது. நெடுநாள் தங்கும் இடத்தில், நாளைக்கும் போகத்தானே போகிறோம் என்று ராடைக் கழற்றாமல் மூலையில் சாத்தத் தோன்றும். உள்ளே போன கடல்நீர் காய்ந்து உப்புப் படியும், அதோடு நுண்மணலும் சேரும். ஒரு வாரத்தில் அசையாது. வாடகை வண்டிக்குள் முழு நீள ராடைத் திணிக்க முடியாதபோதுதான் அது தெரியவரும்.

இறுகியதைத் தனியாளாகக் கழற்ற, ராடை முழங்காலுக்குப் பின்புறம் வைத்து, இரு கையாலும் கால்களுக்கு வெளியே ஒட்டிப் பிடித்து, முழங்கால்களை அகட்ட வேண்டும். இருவர் இருந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. எதிரெதிரே நின்று ராடை நடுவில் குறுக்காகப் பிடியுங்கள். ஒருவரின் வலக்கையும் மற்றவரின் இடக்கையும் ஒரு துண்டில், மற்ற இரு கைகளும் அடுத்த துண்டில், ஜாயிண்டுக்கு நெருக்கமாக. ஒரே நேரத்தில் நேராக இழுங்கள், திருக வேண்டாம். விசை இரு பக்கமும் சமமாக இருப்பதால் ராடு வளையாமல் கழன்று வரும். கை வழுக்கினால் ரப்பர் கையுறை போதும். குறடு, வைஸ் போன்றவற்றைக் கார்பன் குழாயில் வைத்தால் அதோடு முடிந்தது.

ஒரே மாடலில் இரண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இருட்டில் துண்டுகள் மாறிப்போகும். ஒவ்வொரு ஜாயிண்டும் தனித்தனியாகத் தேய்த்துப் பொருத்தப்படுவதால், மாறிய துண்டு மாட்டுவது போல மாட்டும், ஆனால் கொஞ்சம் ஆழமாகவோ மேலோட்டமாகவோ உட்காரும். நகப்பூச்சில் ஒரு ராடுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் என்று ஒவ்வொரு ஜாயிண்டின் இரு பக்கமும் புள்ளி வைத்துவிடுங்கள். புள்ளிகள் நேராக இருந்தால் கைடுகளும் நேர். நகர்ந்தால் உடனே கண்ணில் படும். செலவில்லாத இந்த வேலைதான் எங்கள் ராடுகளுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது.

விரிசல் விட்ட வாயைச் சரிசெய்வது கடினமில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விளிம்பிலிருந்து 2 செ.மீ. நீளத்துக்கு மெல்லிய நைலான் நூலை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, மேலே இருபொருள் எபாக்ஸியை மெல்லியதாகப் பூச வேண்டும். பசை ஒரு பக்கம் வழிந்து தேங்காமல், கெட்டியாகும்வரை ராடை மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள். 24 மணி நேரம் தொடக்கூடாது. உள்ளே ஒரு சொட்டு போனாலும் ஜாயிண்ட் பாழ். விரிசல் நூல் சுற்றும் நீளத்தைத் தாண்டிப் போயிருந்தால் இந்த வைத்தியம் செல்லாது.

ரீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுவும்முன் ட்ராகை (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) இறுக்கி, மெல்லிய நன்னீர் தெளித்து, காய்ந்தபின் ட்ராகைத் தளர்த்தி வைத்தால் போதும். வேகமான குழாய் நீர் உப்பை உள்ளே தள்ளிவிடும். முதலில் கரகரக்கத் தொடங்குவது நூல் உருண்டு வரும் லைன் ரோலர், அதை மட்டும் கவனியுங்கள்.

ஜாயிண்டைச் சுத்தமாக வைக்க இன்னொரு காரணமும் உண்டு. நியூசிலாந்துக்குள் நுழையும்போது பயன்படுத்திய மீன்பிடி சாமான்களைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் நன்னீரில் பயன்படுத்திய பொருள்களைக் கேட்கும். ஜாயிண்டுக்குள் ஆற்று மணலோடு போய் நிற்காதீர்கள். உரிமத்தையும் ஆளுக்கு ஆள் பாருங்கள்: இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட 13 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் வேண்டும். மனைவி பெயரில் எடுத்த உரிமத்தைக் காட்டிக் கணவர் எறிய முடியாது. நார்வேயில் கடலில் தூண்டில் போட உரிமமே தேவையில்லை.

இனி நண்பரின் கேள்விக்கு. ஒரே ஊரில் தங்கி ஒரே கரையில் மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்காதீர்கள். போன இடத்தில் இரண்டு துண்டு ராடு ஒன்று வாங்குங்கள். ஒரே ஜாயிண்ட், பாதித் தலைவலி. ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கப் போகிறீர்கள் என்றால் இதைத் தவிர வேறு எதுவும் பெட்டிக்குள் போகாது. அப்போது இரண்டும் ஒரே மாடலாக வாங்குங்கள். மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது என்று மேலே நானேதான் சொன்னேன். ஆனாலும் நுனி ஒடிந்த ஒன்றையும் அடி ஒடிந்த ஒன்றையும் சேர்த்து, ஜாயிண்டில் மெழுகைக் கூட்டியோ குறைத்தோ, அன்றைய பொழுதை ஓட்டிவிட முடியும். எங்களுடையதை விற்கும் எண்ணம் இல்லை.

கடையிலேயே மாட்டிப் பாருங்கள். முழுக்க மாட்டி நுனியைப் பிடித்து ஆட்டும்போது சத்தம் வரக்கூடாது. வாயின் விளிம்பில் நூல் சுற்றியோ உலோக வளையம் போட்டோ பலப்படுத்தியிருக்க வேண்டும். கழற்றியபின் ஆண் பாகத்தில் தேய்ந்த பளபளப்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் அந்த ராடை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.