ஏற்காட்டில் வானோக்கு இரவு: 900 ரூபாய்க்குத் தகுமா?

மார்ச் அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் மொட்டைமாடியில் நடந்த வானோக்கு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். இரவுச் சாப்பாடு உட்பட ஆளுக்கு 900 ரூபாய். கோள்களைக் காட்டி அனுப்பிவிடாமல், இறந்த விண்மீன்களின் மிச்சங்கள் உருவாகும்போதும் மோதும்போதும் நிகழும் வெடிப்புகளையே அன்றைய பொருளாக அறிவித்திருந்ததால்தான் முன்பதிவு செய்தேன்.

முதலில், உச்சிக்குச் சற்று மேற்கே, ரிஷபத்தின் கொம்பு நுனியருகே உள்ள நண்டு நெபுலா என்ற வாயு மேகம். 8 அங்குலத் தொலைநோக்கியில் அது விரலால் தேய்த்த விபூதிக் கறையைப் போலத்தான் தெரிந்தது. ஆனால் 1054இல் சீனர்கள் பகலிலேயே 23 நாள் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் மிச்சம் அது என்றும், அதன் நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனின் (வெடித்த விண்மீனின் நடுப்பகுதி நசுங்கி எஞ்சிய அடர்ந்த உருண்டையின்) குறுக்களவு, அடிவாரத்திலிருந்து நாங்கள் ஏறி வந்த மலைப்பாதையின் நீளமான ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் என்றும் வழிநடத்திய ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் சொன்னபோது, வரிசையில் மறுபடி போய் நின்றேன்.

அவருடைய உரைதான் இந்த நிகழ்ச்சியின் உயிர். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967இல் தற்செயலாகப் பிடித்த காமா கதிர் வெடிப்பிலிருந்து, அதாவது விண்வெளியிலிருந்து திடீரென வரும் மிக ஆற்றல் வாய்ந்த கதிர்வீச்சிலிருந்து, தொடங்கினார். 2 விநாடிக்கு மேல் நீடிப்பவை பெரும் விண்மீன் இடிந்து விழுவதாலும், குறைந்தவை நியூட்ரான் விண்மீன்கள் இணைவதாலும் வருகின்றன என்ற பழைய கணக்கைச் சொன்னவர், ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தும் இணைவின் அடையாளங்களைக் காட்டிய 2021 டிசம்பர் வெடிப்பை எடுத்துக்காட்டி, அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதையும் மறைக்காமல் விளக்கினார்.

பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் ஒருமுறை தட்டி, கடிகாரத்தைப் பார்த்து, 1.7 விநாடி கழித்து மீண்டும் தட்டினார். 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்ததில் எழுந்த ஈர்ப்பலை (வெளியையே அதிரவைக்கும் அலை) பூமியை அடைந்ததற்கும், அதே இணைவின் காமா கதிர் ஃபெர்மி விண்கலத்தில் பதிவானதற்கும் இடையே அவ்வளவுதான் இடைவெளி. வந்த தொலைவோ ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு. மாடியில் ஒருவரும் பேசவில்லை. அந்த வெடிப்பு நிகழ்ந்த என்.ஜி.சி. 4993 விண்மீன் மண்டலம் அஸ்த நட்சத்திரத்துக்குக் கிழக்கே இருப்பதைக் கைகாட்டியவர், சேலத்தின் வெளிச்சம் படர்ந்த தென்வானில் இந்தத் தொலைநோக்கிக்கு அது சிக்காது என்பதையும் நேர்மையாகச் சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அம்மா, தாங்கள் உருக்கும் வெள்ளியும் அப்படி வந்ததுதானா என்று கேட்டார். தங்கமும் பிளாட்டினமும் அத்தகைய இணைவுகளில் உருவாவதற்கு வலுவான சான்று இருக்கிறது, வெள்ளியில் எவ்வளவு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்று அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

குறைகள் உண்டு. 26 பேருக்கு ஒரே தொலைநோக்கி என்பது நியாயமில்லை. கண் இருட்டுக்குப் பழகிய நேரத்தில் சமையற்கட்டு விளக்கைப் போட்டது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் மீண்டும் பழக அரை மணி நேரமாவது வேண்டும். சாப்பாடு பரவாயில்லை. செல்பவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்; எத்தனை தொலைநோக்கிகள், உரை நிகழ்த்துபவர் அதே ஆசிரியர்தானா என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அவர்தான் என்றால், நான் மறுபடியும் வருவேன்.