லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு 20டபிள்யூ-50 மினரலா, 5டபிள்யூ-30 சிந்தெடிக்கா?

எஞ்சின் எண்ணெயில் மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது, சிந்தெடிக் என்பது வேதிமுறையில் உருவாக்குவது. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் ஓடும் வேகத்தையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலையையும், அதாவது கெட்டித்தன்மையையும், குறிக்கின்றன. 100 டிகிரியில் 50 தர எண்ணெயின் பாகுநிலை 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குக் (பாகுநிலையின் அலகு) குறையாது. 30 தரமோ 9.3 முதல் 12.5 வரைதான்.

பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் தேய்ந்து இடைவெளி கூடிய பழைய மாருதி 800 போன்ற வண்டியில், கெட்டியான 20டபிள்யூ-50 அந்த இடைவெளியில் படலமாக நின்று எண்ணெய் எரிவதைக் குறைக்கும். விலையும் மலிவு. ஆனால் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டும். குளிர்ந்த காலையில் எஞ்சினின் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை எண்ணெய் எட்டச் சற்றுத் தாமதமாகும். நம் ஊர் வெயிலில் அது பெரிய குறையல்ல, ஊட்டியில் குறைதான்.

சிந்தெடிக் சூட்டில் எளிதில் சிதையாது, கசடும் குறைவு. எனினும் பல ஆண்டுகள் மினரல் மட்டுமே கண்ட எஞ்சினில், கசடு கரைந்து, அது மறைத்திருந்த சீல் கசிவு வெளிப்படலாம்.

முதலில் எண்ணெய் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் அளவு வெகுவாக இறங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் நீலப்புகையும் வந்தால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 20டபிள்யூ-50 போதும். அளவு இறங்காத, 5டபிள்யூ-30க்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு, ஓடிய தூரத்தை மட்டும் காட்டி மெக்கானிக் கெட்டி எண்ணெயைப் பரிந்துரைத்தால் நான் ஏற்கமாட்டேன்.