பரந்தன், மாங்குளம், ஒட்டுசுட்டான்: குறைந்த விலையில் வீடு தேடுவோருக்கு எது பொருந்தும்?

கிளிநொச்சி நகரத்திலோ வவுனியா நகரத்திலோ வளவு வாங்கிக் கல்வீடு கட்டுவது, ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர் போன்றோரின் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்கு இன்று கைக்கெட்டாத காரியமாகி வருகிறது. ஆகவே பலர் ஏ-9 வீதியையும் அதிலிருந்து கிழக்கே பிரியும் வீதிகளையும் ஒட்டிய சிறு பட்டினங்களில் காணி தேடுகிறார்கள். அவற்றுள் பரந்தன், மாங்குளம், ஒட்டுசுட்டான் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். விலைப்பட்டியல் எதையும் நான் இங்கே தரப்போவதில்லை. ஒரே பட்டினத்தில் வீதிமுகக் காணிக்கும், அரைக் கிலோமீற்றர் உள்ளே கிரவல் பாதையில் கிடக்கும் காணிக்கும் விலை பெரிதும் வேறுபடும்போது, சராசரி விலையால் எவருக்கும் பயனில்லை.

போருக்கு முன்னர் வன்னிக்கும் அதன் வட வாசலுக்கும் தொழில்துறை என்றால் ஆனையிறவு உப்பளமும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும்தாம். ஆனையிறவில் விளைந்த உப்பு பரந்தனுக்கு வந்து, மின்பகுப்பால் எரிசோடாவாகவும் குளோரினாகவும் மாறியது. வன்னிக் களிமண் ஒட்டுசுட்டானில் ஓடாகியது. போர் இம்மூன்றையும் நிறுத்தியது. அந்தச் சம்பளங்களை நம்பிக் குடியிருந்தவர்கள் சிதறிப் போனார்கள். 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்பு ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்த அறிவிப்புகளைக் காட்டியே தரகர்கள் இப்போது விலை சொல்கிறார்கள். தொழிற்சாலை வருவது நல்லது. அது வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் வராத தொழிற்சாலைக்கான விலையை இன்றைய கடனில் வாங்கிக் கட்ட வேண்டிய தேவை எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. வலயம் வராவிட்டாலும் இந்தக் காணி இந்த விலைக்குத் தகுமா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தால் மட்டுமே வாங்க வேண்டும்.

வசதியை மட்டும் பார்த்தால் பரந்தனே முன்னிற்கிறது. கிளிநொச்சி நகரம் ஐந்தாறு கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் செயலகத்துக்கும் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளுக்கும் பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ தினமும் போய்வரலாம். முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதி இங்கேதான் பிரிகிறது. புகையிரத நிலையம் உண்டு, ஆயினும் எல்லாக் கடுகதிகளும் நிற்பதில்லை. அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் அங்குள்ள ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்களுக்குக் கிளிநொச்சியைக் கடந்து போகவேண்டிய தூரம் பெரிதல்ல. இத்தனை வசதிக்கும் ஏற்றபடி மூன்றிலும் விலை கூடியது பரந்தன்தான்.

பரந்தனில் விலையைவிடக் கவனிக்க வேண்டியது தண்ணீர். வடக்கே ஆனையிறவுக் கடல்நீரேரியை நெருங்க நெருங்கக் கிணறுகள் உவர்க்கின்றன. தெற்கே இரணைமடு வாய்க்கால் நீர் பாயும் பக்கத்தில் நல்ல தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த நல்ல தண்ணீரைத் தரும் இரணைமடுவே பெருமழையில் ஆபத்தாகவும் மாறும். 2018 திசெம்பரில் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளை, முரசுமோட்டை பக்கங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. வயல் மட்டத்தில் கிடக்கும் காணியை மலிவென்று வாங்கி, பின்னர் கிரவல் கொட்டி உயர்த்தி, அத்திவாரத்தையும் கூட்டிக் கட்டும்போது, மேட்டுக்காணியின் விலையைவிடச் செலவு கூடிவிடும். பரந்தனில் வாங்குபவர் மேட்டுநிலம், உவரில்லாத கிணறு ஆகிய இரண்டும் ஒன்றாக அமைந்த வளவைத் தேட வேண்டும். அத்தகைய வளவுகள் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை.

மாங்குளத்தில் பழைய தொழிற்சாலை எதுவும் இல்லை. அதன் பலம் சந்திதான். ஏ-9 வீதியில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே இருந்துகொண்டு, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவி, துணுக்காய் பக்கத்துக்கும் வழிவிடுகிறது. ஆதார வைத்தியசாலையும் மகா வித்தியாலயமும் புகையிரத நிலையமும் உண்டு. மாகாணத்தின் நிர்வாகத் தலைமையகம் இங்கே வர வேண்டும் என்பது நெடுங்காலப் பேச்சு. அதற்கும் முதலீட்டு வலயத்துக்குச் சொன்னதே பொருந்தும். கணவர் வவுனியாவிலும் மனைவி கிளிநொச்சியிலும் வேலை செய்யும் குடும்பங்கள் வன்னியில் பல. அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நடுப்புள்ளி வேறில்லை. சந்தியிலிருந்து விலகியதும் காடு தொடங்கிவிடுகிறது என்பதையும், மேட்டுக் காணிகளில் கோடையில் கிணற்று நீர் ஆழத்துக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழாய்க்கிணறு அடிப்பதற்கான செலவைக் காணி விலையோடு சேர்த்தே கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் மூன்றிலும் மலிவானது. மண்ணை நேசிப்பவர்களுக்கு மூன்றிலும் அழகானதும் அதுதான். தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தைச் சுற்றிய பழைய குடியிருப்பு, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழான வயல்கள், கச்சானும் மரக்கறியும் விளையும் தோட்டங்கள் என்று, சம்பளமின்றியும் வாழத்தக்க ஊர் இது. ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் ஊறும் கிணறும் இருந்தால் ஒரு குடும்பம் தன் சாப்பாட்டின் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொள்ளலாம். ஆனால் புகையிரதம் இல்லை, மாலைக்குப் பிறகு பேருந்துகள் குறைவு, பெரிய வைத்தியசாலைக்கு முல்லைத்தீவு மாஞ்சோலைக்கோ மாங்குளத்துக்கோ போக வேண்டும். காட்டோரக் காணிகளில் யானை வரும். ஒரே இரவில் தென்னம்பிள்ளைகள் போய்விடும். வயதான பெற்றோரோடும் உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகளோடும் குடிபெயர்பவர்கள் இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

விலை, தண்ணீர், தூரம் ஆகிய மூன்றையும்விட வன்னியில் வீடு வாங்குபவரின் வாழ்வைத் தீர்மானிப்பது காணிப் பத்திரம். இங்குள்ள காணிகளில் பெரும்பங்கு அரச காணி. குளங்களின் கீழான குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ (அரசு நிபந்தனையோடு வழங்கும் உரிமைப் பத்திரம்) கொடுக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன்அனுமதி வேண்டும். அது இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. இருந்தும் வெள்ளைக் கடதாசியில் கையொப்பமிட்டுப் பணம் கைமாறுவது நடந்துகொண்டேயிருக்கிறது. போருக்குப் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் பல இப்படி விற்பனைக்கு வருகின்றன. வீடு நன்றாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அனுமதிப்பத்திரமும் பின்னுரித்தாளியின் (பத்திரகாரருக்குப் பின் காணியைப் பெற நியமிக்கப்பட்டவரின்) பெயரும் விற்றவரின் குடும்பத்திடமே இருக்கும். விற்றவர் இறந்தபின் அவருடைய பிள்ளை வந்து கேட்டால், வாங்கியவரிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட காணிக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் அரிது. மூன்று பட்டினங்களிலும் இது உண்டு என்றாலும், குளத்துக் குடியேற்றங்கள் சூழ்ந்த ஒட்டுசுட்டானில் மிகுந்த கவனம் தேவை. மாங்குளத்தின் பெரும்பகுதியும் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்குவதால், இரண்டு ஊருக்கும் விசாரிக்க வேண்டிய காணிக்கிளை ஒன்றுதான்.

உறுதிக் காணி, அதாவது உறுதி மூலம் தனியாருக்குச் சொந்தமான காணி, என்றால் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணவும் கூடாது. உரிமையாளர்களில் பலர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிறார்கள். விற்பனை அற்றோணித் தத்துவத்தின் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) மூலம் நடக்கிறது. தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும் என்பதால், அவர் உயிரோடிருப்பதை உறுதிசெய்துகொள்வது வாங்குபவரின் கடமை. பாகம் பிரிக்காத காணியில் இணை உரிமையாளருக்குத் தேசவழமைப்படி, அதாவது வடபுலத் தமிழரின் மரபுவழிச் சட்டப்படி, முற்கொள்வனவு உரிமை (பிறருக்கு விற்குமுன் தாம் வாங்கிக்கொள்ளும் உரிமை) உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கும்போது கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவைப்படுகிறது. பெண்ணுக்கு இது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆயினும் சட்டம் இருக்கும்வரை சம்மதத்தைப் பெற்றே ஆகவேண்டும். புலம்பெயர்ந்த உறவினரின் பணத்தில் அவர் பெயரிலேயே வாங்க நினைப்பவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்: வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி உரிமை மாற்றுவதை அது தடுக்கிறது, இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்குத் தடையில்லை.

காட்டோரக் காணிகளுக்கு இன்னொரு பரிசோதனையும் வேண்டும். இடம்பெயர்ந்த ஆண்டுகளில் பற்றை மூடிய காணிகளை வன இலாகா தன் எல்லைக்குள் கொண்டுவந்து கல் நாட்டியதால், உறுதி கையிலிருந்தும் காணிக்குள் இறங்க முடியாதவர்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறார்கள். நில அளவையாளரின் வரைபடத்தோடு கிராம அலுவலரையும் வன அதிகாரியையும் கேட்டு எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ முற்பணம் கொடுப்பது தவறு. பரந்தனில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

இருவரும் சம்பளத்துக்குப் போகும் குடும்பம், கடன் எடுக்கத் தயாராக இருந்தால், பரந்தனில் சிறிய வளவாயினும் உறுதிக் காணியையே வாங்கட்டும். பணம் குறைவு, வேலையிடங்கள் இருதிசையில் என்றால் மாங்குளம், அதுவும் சந்தியிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள். தோட்டம் செய்யும் கையும் மனமும் உள்ளவர்களுக்கு, பத்திரம் சுத்தமாக இருக்குமானால், ஒட்டுசுட்டானையே நான் முதலில் சொல்வேன். அவர்கள் வேறிடத்தில் கொடுக்கும் பணத்துக்கு அங்கே வீட்டோடு பிழைப்பும் சேர்ந்து கிடைக்கிறது. எங்கே வாங்கினாலும் காணியை மார்கழி மழையிலும் கிணற்றை ஆவணியிலும் பார்ப்பது நல்லது. அதற்குக் காலம் இல்லையென்றால், 2018 வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது, கோடையில் எத்தனை வளையம் கீழே தண்ணீர் நிற்கிறது என்று அயல்வளவுக்காரரிடம் கேட்டறிந்த பின்னரே நொத்தாரிசிடம் போக வேண்டும்.